சென்னையிலிருந்து இலண்டன் எவ்வளவு தூரம்?

சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே தூரம் எவ்வளவு? விமானத்தில் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கேட்பதற்கு மிக எளிய கேள்விகள். தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் பறக்கும் விமானத்தில் போவதற்கு ஏறத்தாழ 11 மணி நேரமும், திரும்பி வருவதற்கு ஏறத்தாழ 10 மணி நேரமும் ஆகும். விடை அவ்வளவுதான்.

ஆனால் இந்த விடையைச் சற்றே கூர்ந்து நோக்கினால் அதற்குள்ளிருந்து வேறு பல கேள்விகள் எழுகின்றன. 8,200 என்ற எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கடலுக்கும் மலைக்கும் குறுக்கே கயிறு பிடித்து அளக்க முடியாதே! போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றென்றால் நேரம் மட்டும் ஏன் வேறுபடுகிறது? காலை 6 மணிக்குச் சென்னையில் விமானம் ஏறியவர் 11 மணி நேரம் பறந்த பிறகும், இலண்டன் கடிகாரம் அன்று முற்பகலையே காட்டுவது எப்படி? குறுகிய வழி ஒன்று இருக்கையில் விமானங்கள் சுற்று வழியில் செல்வது எதனால்? பூகோளம், கணிதம், பௌதிகம், சரித்திரம் ஆகிய நான்கு பாடங்களும் இந்த ஒரு பயணத்தில் ஒன்று சேர்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உருண்டையின் மேல் நேர்கோடு

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சென்னையையும் இலண்டனையும் அளவுகோல் வைத்து ஒரு கோட்டால் இணைப்போம். அந்தப் படம் மெர்க்கேட்டர் என்பவர் 1569-இல் வகுத்த முறையில் வரையப்பட்டதாயின், கோடு கோவாவுக்குச் சற்று வடக்கே நம் நாட்டை விட்டு வெளியேறி, அரபிக் கடலைக் கடந்து, பாரசீக வளைகுடா, ஈராக், துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழையும். இந்த வழியின் நீளத்தைக் கணக்கிட்டால் சுமார் 8,450 கிலோமீட்டர் வருகிறது. நாம் மேலே கூறிய 8,200-ஐவிட இது ஏறத்தாழ 250 கிலோமீட்டர் அதிகம். படத்தில் நேராகத் தோன்றும் வழி உண்மையில் நீண்ட வழியாக இருக்கிறது!

காரணம் எளியது. பூமி உருண்டை, படமோ தட்டை. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசையின் மேல் தட்டையாகப் பரப்பிப் பார்த்தால், அது எங்கேனும் கிழியும் அல்லது எங்கேனும் இழுபடும். உலகப் படமும் அப்படித்தான். மெர்க்கேட்டர் படத்தில் துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பு பெரிதாக இழுபட்டுக் காணப்படும். ஆகவே அதில் போட்ட நேர்கோடு பூமியின் மேல் மிகக் குறுகிய வழி ஆகாது.

குறுகிய வழியைக் காண வேண்டுமானால் படத்தை விட்டுவிட்டுப் பூகோள உருண்டையை எடுக்க வேண்டும். ஒரு தையல் நூலின் ஒரு முனையைச் சென்னையின் மேலும் மறுமுனையை இலண்டன் மேலும் அழுத்திப் பிடித்துத் தொய்வில்லாமல் இழுப்போம். நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் சென்று படியும். அந்த நூலை இரு பக்கமும் நீட்டினால் அது பூமியைச் சரிபாதியாக வெட்டும் ஒரு வட்டமாகும். இதையே 'பெருவட்டம்' என்கிறோம். உருண்டையின் மேல் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு பகுதியே.

நூல் எங்கெங்கே போகிறது என்று பார்ப்போம். சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, கர்நூலுக்கு மேலே சென்று, மகாராஷ்டிரத்தைக் கடந்து, கட்ச் உவர்நிலத்தைத் தொட்டு, பாகிஸ்தானுக்குள் நுழைகிறது. பிறகு ஈரானின் வடகிழக்குப் பகுதி, காஸ்பியன் கடல், காகசஸ் மலைகள், உக்ரைனின் தென்பகுதி, போலந்தின் தென்கோடி, ஜெர்மனி என்று சென்று இலண்டனை அடைகிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. இலண்டனைவிடச் சென்னை தெற்கே வெகு தொலைவில் இருக்கிறது. ஆகவே இலண்டனிலிருந்து சென்னைக்கு வர வேண்டியவர் தென்கிழக்காகப் புறப்பட வேண்டும் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் பெருவட்டக் கணக்கின்படி அவர் ஏறத்தாழ நேர் கிழக்கே புறப்பட வேண்டும்! வழியில் சிறிது சிறிதாகத் திசை தெற்கே திரும்பிக்கொண்டே வரும். நூலை வைத்துப் பார்த்தால்தான் இது நம்பும்படியாகும்.

எண் வந்த விதம்

சென்னை வட அட்சரேகை 13 பாகை 5 கலையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகை 17 கலையிலும் இருக்கிறது. இலண்டன் வட அட்சரேகை 51 பாகை 30 கலையிலும், மேற்குத் தீர்க்கரேகை 0 பாகை 7 கலையிலும் இருக்கிறது. இரண்டும் முதன்மைத் தீர்க்கரேகைக்கு எதிர் எதிர்ப் பக்கங்களில் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும். 80 பாகை 24 கலை கிடைக்கிறது.

மேல் வகுப்பு மாணவியர் கோண அளவியலில் சைன், கொசைன் ஆகியவற்றைப் படித்திருப்பார்கள். அவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுவோம். இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்கிக்கொள்க. இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் தனியாகப் பெருக்கிக்கொள்க. இரண்டு பெருக்குத் தொகைகளையும் கூட்டினால் கிடைப்பது, நாம் தேடும் கோணத்தின் கொசைன்.

முதல் பெருக்கு: 0.2263 × 0.7826 = 0.1771.
இரண்டாம் பெருக்கு: 0.9741 × 0.6225 × 0.1668 = 0.1011.
கூட்டுத் தொகை: 0.2782.

அட்டவணையைப் பார்த்தால் 0.2782 என்பது 73.85 பாகையின் கொசைன் என்று தெரிகிறது. அதாவது, பூமியின் நடுப்புள்ளியில் நின்று ஒருவர் சென்னையையும் இலண்டனையும் பார்த்தால் இரண்டுக்கும் இடையே 73.85 பாகைக் கோணம் இருக்கும். பூமியின் சுற்றளவைச் சராசரியாக 40,030 கிலோமீட்டர் எனக் கொண்டால் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். 73.85-ஐ 111.2-ஆல் பெருக்கினால் சுமார் 8,212. இதைத்தான் '8,200' என்கிறோம்.

இந்தக் கணக்கில் எல்லாம் எளிதாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்பதை யாராவது தரையில் அளந்து சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பெருமையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற அளவையாளர் பரங்கிமலை அருகே 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைத் தரையில் இட்டு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். வெயிலில் சங்கிலி நீளும், குளிரில் சுருங்கும். அதையெல்லாம் கவனித்து, சுமார் 400 முறை சங்கிலியைத் தூக்கி வைத்து, ஏறத்தாழ இரண்டு மாதம் உழைத்து அந்தக் கோடு அளக்கப்பட்டது. அங்கே தொடங்கிய முக்கோண அளவைதான் பின்னர் குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டு, பூமியின் வடிவத்தையே அறிய உதவியது. இன்று இலண்டன் செல்லும் விமானம் ஓடிக் கிளம்பும் மீனம்பாக்கம், அந்தப் பரங்கிமலையின் அருகிலேயே இருக்கிறது.

28 நாட்கள்

தூரத்தைக் கண்டோம். இனி நேரத்தைக் காண்போம். விமானம் வருவதற்கு முன்பு இந்தப் பயணம் எப்படி இருந்தது?

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்ற கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். ஏப்ரல் 14 அன்று இலண்டன் போய்ச் சேர்ந்தார். இருபத்தெட்டு நாட்கள். இலங்கையைச் சுற்றி, அரபிக் கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாகச் செல்லும் அந்தக் கடல் வழி 13,000 கிலோமீட்டருக்கும் அதிகம். சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டிராவிட்டால் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்திருக்கும்.

13,000-ஐ 28 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 464 கிலோமீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர். துறைமுகங்களில் நின்ற நேரத்தையும் சேர்த்து வந்த சராசரி இது. விரைவாக மிதிக்கும் ஒருவர் சைக்கிளில் போகும் வேகம்தான்!

ஆனால் இதை வெறும் எண்ணாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்கு அப்போது 14 வயது. அவர் இங்கேயே இருந்துவிட்டார். அந்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலில் உலவிய காலம் அது. உடல் நலம் குன்றிய இராமானுஜன் நினைத்தபோது திரும்பி வர முடியவில்லை. 1919 பிப்ரவரி 27 அன்றுதான் அவரால் இங்கிலாந்திலிருந்து கப்பலேற முடிந்தது. மார்ச் மாதத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். கணவனும் மனைவியும் பிரிந்திருந்தது ஐந்து ஆண்டுகள். மீண்டும் சேர்ந்திருந்தது ஓராண்டுக்குச் சற்றே அதிகம். தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் அளக்கப்படுவதன்று. பிரிந்திருப்போரின் வாழ்நாளிலும் அளக்கப்படுகிறது.

கப்பலிலிருந்து விமானத்துக்கு

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே வாராந்திர விமானப் போக்குவரத்து 1929-இல் தொடங்கியது. ஆனால் அது இலண்டனிலிருந்து கராச்சி வரைதான். கராச்சிக்கு வந்த தபாலைத் தெற்கே கொண்டுவர 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் பொருத்திய சிறு விமானத்தில் ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் பறந்தார். பம்பாயிலிருந்து அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபால் பைகளைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். சென்னையும் இலண்டனும் வானத்தின் வழியே கடிதத்தால் இணைந்தது இவ்வாறுதான்.

1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கெய்ரோ, ஜெனீவா ஆகிய நகரங்களில் இறங்கி, ஜூன் 10 அன்று இலண்டனை அடைந்தது. 1960-இல் அந்த நிறுவனம் போயிங் 707 ஜெட் விமானங்களைப் பறக்கவிட்டது. வாரங்கள் நாட்களாயின; நாட்கள் மணிகளாயின.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

இன்றைய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 8,200-ஐ 900-ஆல் வகுத்தால் 9 மணி 7 நிமிடம் வருகிறது. ஆனால் அட்டவணையில் போவதற்கு 11 மணி, வருவதற்கு 10 மணி என்றிருக்கிறது. வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

முதலாவது, விமானம் பெருவட்டத்தின் மேல் துல்லியமாகப் பறப்பதில்லை. வான்வழித் தடங்களையும், புயல் மேகங்களையும், நாடுகளின் அனுமதியையும் பொறுத்து வளைந்து செல்கிறது. ஆகவே பறக்கும் தூரத்தை 8,600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, மேலே ஏறவும், கீழே இறங்கவும், தரையில் ஊர்ந்து செல்லவும் நேரம் வேண்டும். அதற்கு 40 நிமிடம் சேர்ப்போம். மூன்றாவதும் முக்கியமானதும் காற்று.

விமானம் பறக்கும் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. பூமத்திய ரேகைப் பகுதி வெப்பமாகவும் துருவப் பகுதி குளிராகவும் இருப்பதால் காற்று வடக்கே நகர்கிறது. சுழலும் பூமி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. இவ்வாறு உண்டாகும் விரைவுக் காற்றோட்டத்தை 'ஜெட் காற்று' என்கிறார்கள். குளிர்காலத்தில் இதன் வலிமை அதிகம்.

ஆற்றில் படகு செல்லும் கணக்கை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். நீரோட்டத்தோடு செல்லும் படகு விரைகிறது. எதிர்த்துச் செல்லும் படகு தாமதிக்கிறது. அதே கணக்குத்தான் இங்கும். காற்றின் வேகத்தை வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எனக் கொள்வோம்.

போகும்போது (காற்றை எதிர்த்து): 8,600 ÷ 850 = 10 மணி 7 நிமிடம். 40 நிமிடம் சேர்த்தால் 10 மணி 47 நிமிடம்.
வரும்போது (காற்றோடு): 8,600 ÷ 950 = 9 மணி 3 நிமிடம். 40 நிமிடம் சேர்த்தால் 9 மணி 43 நிமிடம்.

அட்டவணை சொல்வதற்கு நம் கணக்கு மிக அருகில் வந்துவிட்டது. இங்கே கூர்மதியுள்ள மாணவி ஒருத்தி, "போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடுகிறதே, ஆகவே மொத்தத்தில் நட்டமில்லை" என்று சொல்லக்கூடும். கணக்கைப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் 17,200 ÷ 900 = 19 மணி 7 நிமிடத்தில் போய் வந்துவிடலாம். காற்று இருந்ததால் 19 மணி 10 நிமிடம் ஆகிறது. மூன்று நிமிடம் நட்டம். காரணம், எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம். உதவும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். தீமை செய்யும் காற்று அதிக நேரம் செய்கிறது!

பூமி சுழல்வதால் ஆகாதா?

இன்னொரு ஐயமும் பலருக்கு உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. சென்னை இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,625 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் விமானம் மேலே எழும்பி நின்றுகொண்டாலே போதும். மேற்கே உள்ள ஊர் தானாக அதன் கீழே வந்து சேராதா? மேற்கு நோக்கிய பயணம் அல்லவா விரைவாக முடிய வேண்டும்?

ஓடும் இரயில் வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பந்தை மேலே வீசினால் அது பின்னால் போய் விழுவதில்லை. நம் கைக்கே திரும்பி வருகிறது. பந்துக்கும் வண்டியின் வேகம் இருப்பதே காரணம். வண்டிக்குள் இருக்கும் காற்றும் வண்டியோடு சேர்ந்தே போகிறது. அதுபோலவே பூமியும், அதன் காற்று மண்டலமும், தரையில் நிற்கும் விமானமும் ஒன்றாகச் சுழல்கின்றன. விமானம் எழும்பினாலும் அந்த வேகத்தை இழப்பதில்லை. ஆகவே பூமியின் சுழற்சி நேராக நமக்கு உதவுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அது ஜெட் காற்றைக் கிழக்கே திருப்பி, மறைமுகமாகவே பயண நேரத்தை மாற்றுகிறது.

கடிகாரம் செய்யும் விளையாட்டு

பூமி ஒரு முறை சுழல 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகைக்கு 24 மணி என்றால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை கிரீன்விச்சுக்குக் கிழக்கே சுமார் 80¼ பாகை. 80¼ × 4 = 321 நிமிடம். அதாவது 5 மணி 21 நிமிடம். பழங்காலத்தில் சென்னை வானியல் ஆய்வகத்தைக் கொண்டு கணிக்கப்பட்ட 'மதராஸ் நேரம்' கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியிருந்தது. நம் கணக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் வந்தது. அது கிரீன்விச் நேரத்தைவிட 5½ மணி முந்தியது. இலண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் 4½ மணிதான்.

குளிர்காலத்தில் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் காலை 6 மணிக்குப் புறப்பட்டு 11 மணி நேரம் பறந்தால், சென்னையில் மாலை 5 மணி. இலண்டனிலோ முற்பகல் 11.30. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் பயணம் 5½ மணி நேரமே. திரும்பும்போது இலண்டனில் பகல் 1 மணிக்குப் புறப்பட்டு 10 மணி நேரம் பறந்தால், இலண்டனில் இரவு 11 மணி. சென்னையில் மறுநாள் அதிகாலை 4.30. கடிகாரத்தின்படி பயணம் 15½ மணி நேரம்!

பயணச் சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது அந்தந்த ஊரின் நேரமே. அதைக் கொண்டு உண்மையான நேரத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் கூட்டுங்கள்: 5½ + 15½ = 21. ஒரு பயணத்தில் கழிந்த 5½ மணி மறு பயணத்தில் கூடிவிடுவதால், கூட்டுத் தொகையில் கடிகாரத்தின் விளையாட்டு மறைந்துவிடுகிறது. 11-உம் 10-உம் சேர்ந்து 21 அல்லவா?

கடிகாரத்தை மாற்றிக்கொள்வது எளிது. உடம்பை மாற்றிக்கொள்வது கடினம். இலண்டனில் மாலை 6 மணியாகும்போது நம் உடம்புக்கு இரவு 11.30. உறக்கமும் பசியும் புதிய ஊரின் சூரியனுக்குப் பழகச் சில நாட்கள் பிடிக்கும்.

குறுகிய வழி எப்போதும் நல்ல வழியா?

நூல் காட்டிய வழியை மீண்டும் நினைவுக்குக் கொண்டு வருவோம். அது பாகிஸ்தான், ஈரான், காகசஸ், உக்ரைன் ஆகிய பகுதிகளின் மேல் செல்கிறது. பூகோள உருண்டையில் அங்கே தடை ஏதும் இல்லை. ஆனால் பூமியில் உண்டு.

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் ஒன்று கிழக்கு உக்ரைன் வானில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 298 பேரும் மாண்டனர். கீழே சண்டை நடந்துகொண்டிருந்தது. 32,000 அடி வரை வான்வழி மூடப்பட்டிருந்தது. அந்த விமானம் 33,000 அடியில் பறந்தது. ஆயிரம் அடி உயரம் உயிரைக் காப்பாற்றவில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியது. ஜூலை 16 அன்றுதான் முழுவதும் திறந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. மறுநாளே பிரிட்டிஷ் விமானங்கள் தன் வானில் பறக்க ரஷ்யா தடை விதித்தது.

எனவே விமானங்கள் சுற்றிப் போகின்றன. சுற்று வழிக்கு விலை உண்டு. போயிங் 787 போன்ற விமானம் மணிக்குச் சுமார் 5 டன் எரிபொருளை எரிக்கிறது. அரை மணி நேரம் கூடுதலாகப் பறந்தால் 2½ டன். ஒரு கிலோ எரிபொருள் எரியும்போது சுமார் 3.16 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஆக, அந்த அரை மணிக்காக ஏறத்தாழ 8 டன் கரியமில வாயு வானில் கலக்கிறது. போர் செய்பவர்கள் சிலர். அதன் புகையைச் சுவாசிப்பவர்கள் அனைவரும்.

விமானம் தாமதமாகிறது என்று முணுமுணுக்கும் பயணி இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி 'எது குறுகிய வழி?' என்பதன்று, 'எது பாதுகாப்பான வழி?' என்பதே. 8,200 கிலோமீட்டரைக் கணிதம் தருகிறது. அதைவிட எத்தனை கிலோமீட்டர் அதிகம் பறக்க வேண்டும் என்பதை மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி வாழ்கிறார்கள் என்பது முடிவு செய்கிறது.

நாமே செய்து பார்ப்போம்

1. பள்ளியில் உள்ள பூகோள உருண்டையில் நூலை வைத்துச் சென்னை – இலண்டன் வழியைக் காண்க. நூல் கடக்கும் நாடுகளை வரிசையாக எழுதுக.

2. சிங்கப்பூர் வட அட்சரேகை 1 பாகை 21 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 103 பாகை 49 கலை. சென்னையிலிருந்து அதன் தூரத்தைக் கணக்கிடுக. இரண்டும் கிழக்கே இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கழிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். விடை சுமார் 2,900 கிலோமீட்டர் வர வேண்டும்.

3. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் ஆனால், 8,600 கிலோமீட்டர் போய்வர ஆகும் நேரம் காற்றில்லாத நேரத்தைவிட எவ்வளவு அதிகம்? காற்று இரு மடங்கானால் நட்டமும் இரு மடங்காகிறதா, அல்லது அதற்கும் மேலாகிறதா?

4. வெளிநாட்டிலோ வெளி மாநிலத்திலோ உறவினர் இருக்கும் மாணவியர், அவர்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கண்டுபிடித்து, நம் ஊரிலிருந்து தூரத்தைக் கணக்கிடுக. அவர்களுடைய கடிகாரத்தில் இப்போது மணி என்ன என்பதையும் எழுதுக.

நான்காவது கணக்கை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது நம் விருப்பம். இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் புத்தகத்தில் வெறும் எண்ணாகத்தான் இருக்கும். அந்த ஊரில் நமக்கு வேண்டியவர் ஒருவர் இருந்துவிட்டால், அதே எண் நம் சொந்தக் கணக்காகிவிடும். 1914-இல் இருந்த 8,200 கிலோமீட்டர்தான் இன்றும் இருக்கிறது; பூமி ஓர் அடி கூடச் சுருங்கவில்லை. அன்று 28 நாட்கள் எடுத்தது இன்று 11 மணியாக ஆனது, பரங்கிமலை வெயிலில் சங்கிலி பிடித்தவர் முதல் இன்று வானிலையைக் கணிப்பவர் வரை எத்தனையோ பேருடைய பொறுமையான உழைப்பால்தான். வகுப்பறையில் நாம் போடும் ஒவ்வொரு கணக்கும் அந்த உழைப்பின் தொடர்ச்சியே.